நெல்லையில் அபார்ட்மென்ட் வீடு வாங்கும்போது எங்கே சறுக்குகிறார்கள்

வீடு பார்க்கப் போகிறவர்களில் பெரும்பாலோர் ஞாயிற்றுக்கிழமை காலை பதினொரு மணிக்குப் போகிறார்கள். ரோட்டில் வண்டி இல்லை, பள்ளிக்கூட வேன் இல்லை, வெயில் மேற்குச் சுவரைத் தொடவில்லை, மேல் டேங்க் நிறைந்திருக்கிறது. விற்பவருக்கு அதைவிட நல்ல நேரம் வாய்க்காது. அதே வீட்டை வேலை நாளில் காலை எட்டரைக்கும், பிற்பகல் மூன்றரைக்கும், ராத்திரி ஒன்பதுக்கும் பார்க்க வேண்டும். முடிந்தால் மழை விட்ட மறுநாள் ஒருதரம். மாடுலர் கிச்சனைப் பார்த்து மயங்குவதைப் பிறகு வைத்துக்கொள்ளலாம். அதைக் காசு கொடுத்து எப்போதும் மாற்றிவிடலாம். மாற்றவே முடியாதவை மூன்று: இடத்தின் மட்டம், தண்ணீர், பத்திரம். அங்கேதான் ஆட்கள் சறுக்குகிறார்கள்.

வெள்ளத்தைக் கேட்காமல் விடுவது

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தாமிரபரணி எங்கெல்லாம் ஏறியது என்று ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஜங்ஷன் பஸ் ஸ்டாண்ட், சிந்துபூந்துறை, மீனாட்சிபுரம், கைலாசபுரம், வண்ணார்பேட்டையில் ஆற்றை ஒட்டிய தெருக்கள், கொக்கிரகுளத்தில் கலெக்டர் ஆபீஸ் வரை தண்ணீர் நின்றது. 1992 நவம்பர் வெள்ளத்தைப் பார்த்தவர்களும் இன்னும் இருக்கிறார்கள். ஆனாலும் "நமக்குத்தான் மூணாவது மாடியாச்சே" என்று கேட்காமல் விடுகிறவர்கள் உண்டு. மூன்றாவது மாடிக்காரருக்கும் லிஃப்ட்டின் குழி கீழேதான் இருக்கிறது. சம்ப் (நிலத்தடித் தண்ணீர்த் தொட்டி), மோட்டார், ஈ.பி. மீட்டர் போர்டு, கார் எல்லாம் தரைத்தளத்தில்தான். சம்புக்குள் சாக்கடை கலந்த வெள்ளம் இறங்கிவிட்டால் கட்டிடம் முழுக்கக் குடிதண்ணீர் கிடையாது.

புரோக்கர் அண்ணாச்சியிடம் கேட்டால் "இங்க ஒரு சொட்டு வரல" என்பார். எதிர்த்த டீக்கடையில் கேளுங்கள். கூடவே கண்ணால் பார்க்க வேண்டியவை: பார்க்கிங்கில் சுவரின் கீழ்ப்பாதி மட்டும் புதுப் பெயின்டாக இருக்கிறதா, மீட்டர் போர்டை அண்மையில் உயர்த்தி மாட்டிய தடம் தெரிகிறதா, சம்ப் மூடி தரை மட்டத்தோடு இருக்கிறதா அல்லது ஒன்றரை அடியாவது மேடை கட்டியிருக்கிறார்களா. பார்க்கிங் தரை ரோட்டைவிடத் தாழ்ந்திருந்தால், ரோட்டுக்கு அடுத்த தடவை தார் போடும்போது இன்னும் தாழும்.

ஆறு பக்கத்தில் இல்லையென்று நிம்மதி கொள்ளவும் முடியாது. பாளையங்கால்வாய், நெல்லைக் கால்வாய், கோடகன் கால்வாய், இவற்றை நம்பியிருந்த வயல்களும் குளங்களும் சேர்ந்ததுதான் இந்த ஊர். வயலை நிரவிக் கட்டிய நகர்களில் மழைத்தண்ணீர் பழைய வழியைத் தேடித்தான் போகும். சர்வே எண்ணை வாங்கி, அரசின் இ-சேவைத் தளத்தில் அ-பதிவேட்டையும் (நில விவரப் பதிவேடு) புலப்படத்தையும் (நில அளவை வரைபடம்) எடுங்கள். மாநகராட்சி எல்லைக்குள் என்றால் நகர நில அளவைப் பதிவேடு. நிலம் நஞ்சையா, புஞ்சையா, ஒட்டி ஓடை போகிறதா, வாய்க்கால் புறம்போக்கு எந்தப் பக்கம் என்று அதில் இருக்கும். கூகுள் எர்த்தில் பழைய வருடத்துப் படங்களையும் தள்ளிப் பார்க்கலாம். இன்றைக்கு காம்பவுண்டு சுவர் நிற்கிற இடத்தில் அன்றைக்குப் பச்சையாக என்ன இருந்தது என்பது தெரிந்துவிடும்.

"தண்ணி உண்டு" என்ற பதிலோடு திருப்தியடைவது

என்ன தண்ணீர் என்பதுதான் கேள்வி. ஆற்றுத் தண்ணீரா, போர் தண்ணீரா? இரண்டும் என்றால் எந்தக் குழாயில் எது? நல்ல கட்டிடத்தில் அடுக்களைக்குத் தனி லைன் இருக்கும். சில இடங்களில் இரண்டும் ஒரே சம்பில் கலந்து மேலே போகும். அப்படியானால் ஆற்றுத் தண்ணீர் இருந்தும் இல்லாததுபோலத்தான்.

பாத்ரூம் ஷவரின் ஓட்டைகளைப் பாருங்கள். வெள்ளையாக அடைத்திருந்தால் கடினநீர். தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளை அளக்கும் டி.டி.எஸ். மீட்டர் சில நூறு ரூபாய்தான், பையில் போட்டுப் போய் ஒவ்வொரு குழாயிலும் பிடித்துப் பாருங்கள். குடிநீருக்கு இந்தியத் தரநிலை சொல்வது லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை. வேறு தண்ணீருக்கு வழியே இல்லையென்றால் 2,000 வரை. "சாஃப்ட்னர் போட்டிருக்கோம்" என்ற பதிலில் ஏமாற வேண்டாம். சாஃப்ட்னர் சுண்ணாம்புச் சத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் சோடியத்தை வைக்கிறது. சோப்பு நுரைக்கும், ஆனால் உப்புக்கரிப்பு போகாது, மீட்டர் எண்ணும் பெரிதாக இறங்காது.

அளவையும் கணக்குப் போடுங்கள். ஒரு ஆளுக்கு நாளுக்கு 135 லிட்டர் என்பது திட்டமிடுகிறவர்கள் வைக்கும் கணக்கு. பதினாறு வீடு, வீட்டுக்கு நாலு பேர் என்றால் 8,640 லிட்டர். மாநகராட்சித் தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள் வந்தால் பதினேழாயிரம் லிட்டருக்காவது சம்ப் வேண்டும். பத்தாயிரம் லிட்டர் சம்ப்தான் இருக்கிறதென்றால் மீதியை போரும் லாரியும்தான் ஈடுகட்டுகின்றன. அந்தச் செலவு மாதப் பராமரிப்புத் தொகையில் ஒளிந்திருக்கும். போன சித்திரை, வைகாசி மாத வரவு செலவுக் கணக்கைச் சங்கத்திடம் கேளுங்கள். லாரிக்கு எவ்வளவு போயிருக்கிறது என்று அதில் பளிச்சென்று தெரியும்.

கழிவுநீர் பாதாளச் சாக்கடையில் இணைந்திருக்கிறதா, செப்டிக் டேங்கா என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள். டேங்க் என்றால் போருக்கும் அதற்கும் எவ்வளவு தூரம் என்று நடந்து அளந்து பாருங்கள்.

டைல்ஸைப் பார்த்துவிட்டுக் கூரையைப் பார்க்காமல் வருவது

வீட்டுக்குள் நுழைந்ததும் நேரே பாத்ரூமுக்குப் போய் அண்ணாந்து பாருங்கள். அபார்ட்மென்ட்களில் பாத்ரூம் தளத்தை ஏறக்குறைய ஒரு அடி இறக்கிப் போட்டு, அந்தப் பள்ளத்தில் குழாய்களைப் படுக்கவைத்து, செங்கல் ஜல்லி நிரப்பி, மேலே டைல்ஸ் ஒட்டுவார்கள். உள்ளே ஒரு இணைப்பு கசிந்தால் அந்தப் பள்ளம் தொட்டிபோல நிறைந்துகொண்டே இருக்கும். வெளியே தெரிய மாதக்கணக்காகும். தெரியும்போது கீழ்வீட்டுக் கூரையில்தான் தெரியும். உங்கள் கூரை ஒழுகினால் உடைக்க வேண்டியது மேல்வீட்டுக்காரரின் டைல்ஸை. அவர் சம்மதிக்க வேண்டும், சண்டை அங்கேதான் பிறக்கிறது. பாத்ரூமில் பால்ஸ் சீலிங் போட்டு மறைத்திருந்தால் ஒரு பலகையைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். கழற்ற மாட்டேன் என்றால் அதுவும் ஒரு பதில்தான்.

பாத்ரூம் சுவரின் மறுபக்கம் படுக்கையறை அலமாரி இருந்தால் கதவைத் திறந்து பின்சுவரில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். சில்லென்று இருந்தாலோ, வெள்ளைப் பொடி ஒட்டினாலோ உள்ளே ஈரம் இருக்கிறது. ஒரு சுவரில் மட்டும் புதுப் பட்டி வாசனை அடித்தால் ஏன் என்று கேட்க வேண்டும். ஒரு வாளித் தண்ணீரைத் தரையில் ஊற்றுங்கள். வடிகால் பக்கம் ஓடாமல் மூலையில் தேங்கினால் தரையின் வாட்டம் (சரிவு) சரியில்லை.

விரிசல் எல்லாமே பயப்பட வேண்டியவை அல்ல. பூச்சில் வலைபோல ஓடும் மெல்லிய கோடுகள் பூச்சு காய்ந்ததால் வந்தவை, ஆபத்தில்லை. பீமும் செங்கல் சுவரும் சேரும் இடத்தில் படுக்கையாக ஓடும் மெல்லிய கோடும் பெரும்பாலும் அப்படித்தான். ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஏறி, ஒரு ரூபாய் நாணயத்தின் விளிம்பு நுழைகிற அளவு திறந்திருந்தால் அஸ்திவாரம் எங்கோ இறங்கியிருக்கலாம். நிரவிய வயலிலும், மானூர், கங்கைகொண்டான் பக்கக் கரிசலிலும் இதைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். கரிசல் மழையில் உப்பி வெயிலில் சுருங்கும் மண். கூரையில் கம்பி ஓடும் வாக்கிலேயே நேர்கோடாக விரிந்து, பழுப்புக் கறையும் சேர்ந்திருந்தால் கம்பி துருப்பிடிக்கிறது. கம்பி போட்ட கான்கிரீட்டைக் கலக்கும் தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்பது விதி. உப்பு போரை வைத்துக் கட்டிய கட்டிடங்களில் பத்துப் பதினைந்து வருடத்தில் இந்தக் கறை தலைகாட்டும். மேலே வெள்ளையடித்து அதை நிறுத்த முடியாது. ஐந்து, பத்தாயிரம் கொடுத்து ஒரு சிவில் இன்ஜினியரைக் கூட்டிப்போவதில் நஷ்டமில்லை.

மேற்குப் பார்த்த படுக்கையறை ஆனி, ஆடியில் குற்றாலச் சாரல் காற்றுக்கு அருமை. பங்குனி, சித்திரையில் ராத்திரி பத்து மணிக்கும் சுவர் சுடும். கடைசி மாடி என்றால் இரட்டிப்பு. மொட்டை மாடியில் ஓடு பதித்திருக்கிறார்களா, தண்ணீர் வடியும் குழாய்வாயில் செடி முளைத்திருக்கிறதா என்று ஏறிப் பார்த்துவிட்டு இறங்குங்கள்.

சதுர அடி விலையை மட்டும் பேசுவது

"1,200 சதுர அடி, அடி 4,500" என்றால் 54 லட்சம். அந்த 1,200இல் படிக்கட்டு, லிஃப்ட், வராந்தா எல்லாம் சேர்ந்திருக்கும். டேப்பை வைத்து அறை அறையாக உள்ளளவு எடுத்தால் 860 வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அப்போது நீங்கள் கொடுப்பது அடிக்கு 6,279 ரூபாய். இரண்டு கட்டிடங்களை ஒப்பிட்டால் இந்த உள்ளளவை வைத்துத்தான் ஒப்பிட வேண்டும்.

அதைவிட முக்கியம் பிரிபடா பங்கு, அதாவது நிலத்தில் உங்கள் பாகம். கட்டிடம் வருடா வருடம் மதிப்பில் தேயும், நிலம்தான் ஏறும். மனை இருபது சென்ட் என்று வைத்துக்கொண்டால் 8,712 சதுர அடி. உயரமில்லாத கட்டிடத்துக்குப் பொதுவாக நிலப்பரப்பைப் போல இரண்டு மடங்கு கட்ட அனுமதி. ஆக 17,424 அடி கட்டலாம், 1,080 அடியில் பதினாறு வீடு வரும். ஒவ்வொருவருக்கும் 544 அடி நிலம் சேர வேண்டும். உங்கள் பத்திரத்தில் 380 என்று இருந்தால் மீதி எங்கே? பில்டர் பின்னால் மேலே கட்டலாம் என்று கையில் வைத்திருக்கலாம், அல்லது அனுமதிக்கு மேல் ஒரு மாடி ஏற்றியிருக்கலாம். நகர் ஊரமைப்புத் துறை ஒப்புதல் கொடுத்த வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு மாடிகளை எண்ணுங்கள். கேட்கவே சிரிப்பாக இருக்கும், ஆனால் எண்ணுகிறவர்கள் மிகக் குறைவு.

வில்லங்கச் சான்று ஒன்றே போதும் என்று நினைப்பது

வில்லங்கத்தில் பதிவான ஆவணங்கள் மட்டும்தான் வரும். பதிவாகாத உயில், கோர்ட்டில் கிடக்கும் பாகப்பிரிவினை வழக்கு, இறந்தவரின் வாரிசுகள், இவை அதில் தெரியாமல் போகலாம். வீட்டுக்கு மட்டுமல்லாமல், கட்டிடம் நிற்கும் மனையின் சர்வே எண்ணுக்கும் முப்பது வருட வில்லங்கம் போட்டு, மூலப் பத்திரத்திலிருந்து கோத்துக்கொண்டு வர வேண்டும். இந்துக் குடும்பத்தின் பூர்வீகச் சொத்தாக இருந்த நிலம் என்றால் பெண் பிள்ளைகளின் கையெழுத்து இருக்கிறதா பாருங்கள். தமிழ்நாட்டில் 1989 திருத்தமும், நாடு முழுக்க 2005 திருத்தமும் மகளுக்கும் பங்கு தந்தன. "தங்கச்சி ஒண்ணும் கேக்க மாட்டா" என்பது ஆவணம் ஆகாது.

நெல்லைப் பக்கம் மறுவிற்பனைக்கு வரும் வீடுகளில் வளைகுடாவில் இருப்பவர்களுடையதும் உண்டு. மச்சானோ அண்ணனோ பவர் (அவர் சார்பில் விற்க அதிகாரம் தரும் பத்திரம்) வைத்து விற்பார். பவர் கொடுத்தவரின் உயிர்வாழ் சான்று வேண்டும், பவர் ரத்தாகவில்லை என்று பார்க்க வேண்டும், பணம் உரிமையாளர் கணக்குக்கே போக வேண்டும். விலை 50 லட்சமோ அதற்கு மேலோ என்றால் வாங்குபவர் 1% வரி பிடித்துக் கட்டுவது பலருக்கும் தெரியும். விற்பவர் வெளிநாடு வாழ் இந்தியர் என்றால் இந்த 1% போதாது. 50 லட்சம் என்ற வரம்பும் கிடையாது, பிடிக்கும் விகிதமும் அதிகம். பிடிக்காமல் விட்டால் வருமான வரித்துறை கேட்பது வாங்கியவரைத்தான். ஆடிட்டரிடம் கேட்காமல் இதில் கை வைக்கக்கூடாது.

புதுக் கட்டிடம் என்றால், 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனையோ எட்டுக்கு மேற்பட்ட வீடோ ரெராவில் (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) பதிவு செய்தாக வேண்டும். அப்படிப் பதிவான திட்டத்தில், ஒப்பந்தம் பதிவாகுமுன் 10 சதவீதத்துக்கு மேல் முன்பணம் கேட்கக் கூடாது. ஒப்படைத்து ஐந்து வருடத்துக்குள் கட்டுமானக் குறை வந்தால் பில்டர் செலவில்தான் சரிசெய்ய வேண்டும். திறந்த கார் பார்க்கிங் பொது இடம், அதைத் தனியாக விலை பேசி விற்றால் கேள்வி கேளுங்கள்.

கையில் வேண்டிய பணத்தைக் குறைத்துப் போடுவது

மறுவிற்பனைக்கு முத்திரைத்தாள் 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம். பில்டரிடம் முதல் முறையாக வாங்கும் வீட்டுக்கு 2023 டிசம்பரிலிருந்து 50 லட்சம் வரை 6 சதவீதம், மூன்று கோடி வரை 7. மேலே சொன்ன 54 லட்ச வீடு மறுவிற்பனை என்றால் பதிவுக்கே 4.86 லட்சம். வங்கி இந்த விலையில் 80 சதவீதம்வரைதான் தரும், பதிவுச் செலவை அதில் சேர்க்காது. 10.80 லட்சமும் 4.86 லட்சமும் சேர்ந்து 15.66 லட்சம் கையில் இருக்க வேண்டும், பெயின்டும் கிரில்லும் தனி.

அக்கம்பக்கம்

வேலைக்கும் பள்ளிக்கும் போகும் வழியில் ரயில்வே கேட் இருந்தால் (குலவணிகர்புரம் கேட் ஊரறிந்தது) காலையில் ஒருதடவை வண்டி ஓட்டிப் பாருங்கள். பாளையங்கோட்டையில் பள்ளிகளுக்குப் பக்கம் என்பது ஒரு வசதி, அதே பள்ளி விடும் நேரத்தில் வீட்டு கேட்டை விட்டுக் கார் எடுக்க முடியாது என்பது இன்னொரு பக்கம். டவுனில் ரத வீதிகளை ஒட்டி வாங்கினால் ஆனித் தேரோட்டத்துக்கு வண்டியை வேறெங்காவது நிறுத்த வேண்டிவரும். கோவில் பக்கத்தில் இருந்தால் கொடை (கோவில் திருவிழா) எந்த மாதம், எத்தனை நாள், ஸ்பீக்கர் எந்தப் பக்கம் கட்டுவார்கள் என்று கேட்டுக்கொள்ளலாம். சங்கரன்கோவில் ரோட்டுப் பக்கம் பார்க்கிறவர்கள் ராமையன்பட்டி குப்பைக் கிடங்கிலிருந்து எவ்வளவு தூரம், காற்று எப்படி வரும் என்று கோடையில் போய் மோந்து பார்த்துவிட்டுப் பேசட்டும். பக்கத்துக் காலி மனை யாருடையது என்றும் விசாரியுங்கள். இன்றைய காற்றும் வெளிச்சமும் அந்த மனைக்காரர் தயவில் வருபவை.

கடைசியாக அட்வான்ஸ். ரொக்கமாக ஒரு லட்சத்தைக் கொடுத்துவிட்டு வெள்ளைத்தாளில் கையெழுத்து வாங்குவது இன்னும் நடக்கிறது. விற்பனை ஒப்பந்தத்தைப் பதிவு செய்ய வேண்டும் என்பது தமிழ்நாட்டில் 2012 டிசம்பரிலிருந்து சட்டம். பதிவானால் அது வில்லங்கத்திலும் ஏறும், அதே வீட்டை இன்னொருவருக்கு மறைத்துப் பேச முடியாது. ஒப்பந்தத்தில் எழுத வேண்டியவை: வங்கியின் சட்டக் கருத்து பாதகமாக வந்தால் எத்தனை நாளில் முன்பணம் திரும்பும், விற்பவரின் வீட்டுக்கடன் பாக்கியை யார் எப்போது அடைத்து அசல் பத்திரத்தை எடுப்பது, எந்த கார் பார்க்கிங், சங்கத்தின் பாக்கியில்லாச் சான்று, லிஃப்ட் உரிமம் நடப்பில் இருப்பதற்கான நகல், சொத்து வரி, தண்ணீர் வரி, ஈ.பி. மூன்றுக்கும் பதிவு நாள் வரை கட்டிய ரசீது.