டாட்டூ: டிசைனிலும் இடத்திலும் பெண்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

டிசைனை முதலில் முடிவு செய்துவிட்டு, எங்கே போடலாம் என்று பிறகு யோசிப்பதில்தான் பெரும்பாலான சிக்கல்கள் தொடங்குகின்றன. ஃபோன் திரையில் பெரிதாக்கி ரசித்த மண்டலாவை (நுணுக்கமான வட்டக் கோலம்) மணிக்கட்டில் 3 செ.மீ.க்குள் அடக்கினால் கோடுகள் நாளடைவில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். முதலில் இடம், பிறகு அந்த இடம் தாங்கும் அளவு, கடைசியில் டிசைன் என்று போவதே சரி.

மை தங்குவது மேல்தோலில் அல்ல. அதற்குக் கீழே, சுமார் 1 முதல் 2 மி.மீ. ஆழத்தில் உள்ள உள்தோலில். குத்துபவரின் கை எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும் ஆண்டுகள் போகப் போகக் கோடு சற்று அகலும். பெயரும் வாசகமும் எழுதிக்கொள்பவர்கள் இதில்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். தமிழில் ண, ஞ, இ போன்றவற்றின் சுழிகள்தான் முதலில் அடைபடும். எழுத்தின் உயரம் 1 செ.மீ.க்குக் குறையாமலும், சுழிக்குள் 2 மி.மீ. வெற்றிடமாவது இருக்குமாறும் பார்த்துக்கொள்ளுங்கள். புள்ளி எழுத்தோடு ஒட்டாமல் தள்ளி நிற்க வேண்டும். இன்னொன்று: சில டிசைன் மென்பொருள்களில் தமிழ் எழுத்துரு உடைந்து, கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் உட்கார்ந்துவிடும். கலைஞருக்குத் தமிழ் தெரியாவிட்டால் அது அப்படியே தோலில் ஏறிவிடும். ஊசி போடும் முன் தோலில் ஒட்டும் மாதிரிப் படமான ஸ்டென்சிலை ஒவ்வொரு எழுத்தாகப் படித்துப் பார்க்க வேண்டியது உங்கள் பொறுப்பு.

டிசைனை அசல் அளவில் அச்சிட்டு, 2 மீட்டர் தள்ளி வைத்துப் பாருங்கள். என்னவென்று தெரியவில்லை என்றால் ஒன்று பெரிதாக்குங்கள், இல்லையேல் விவரங்களைக் குறையுங்கள்.

ஒற்றை ஊசியில் போடும் மெல்லிய கோட்டு டாட்டூக்களைப் பலரும் விரும்புகிறார்கள். உள்மணிக்கட்டு, கணுக்கால் போன்ற மெல்லிய தோலில் ஊசி சற்று ஆழமாகப் போனாலும் மை கீழே உள்ள கொழுப்புப் படலத்தில் பரவி, கோட்டைச் சுற்றி நீல நிழல் விழும். அதைத் திருத்துவது கடினம். விரல்களிலும் உள்ளங்கையின் ஓரத்திலும் வேறு பிரச்சினை: உராய்வும் ஓயாமல் கை கழுவுவதும் சேர்ந்து டாட்டூ திட்டுத்திட்டாக வெளிறும். கலைஞரின் வேலையை எடைபோட, அன்றே எடுத்த படம் போதாது. ஆறி ஓராண்டாவது ஆன டாட்டூக்களின் படங்களைக் கேளுங்கள்.

உடல் மாறும் இடங்களைப் பற்றியும் யோசிக்க வேண்டும். அடிவயிறு, மார்பகம், இடுப்பின் பக்கவாட்டு ஆகியவை கர்ப்பத்திலும் எடை கூடிக் குறையும்போதும் அதிகம் விரியும். வட்டம், சமச்சீர் வடிவங்கள், நேர்கோடுகள் அங்கே கோணினால் உடனே கண்ணில் படும். கொடியும் இலையும் போன்ற வடிவங்கள் பொறுத்துக்கொள்ளும். கர்ப்பத்தின்போதும் பாலூட்டும்போதும் தொற்று அபாயம் கருதி டாட்டூவைத் தள்ளிப்போடுவதே நல்லது. அறுவைத் தழும்பை மறைக்க நினைத்தால், அது வெளிறி மட்டமாகும்வரை, குறைந்தது ஓராண்டு காத்திருங்கள். தழும்புத் தோல் மையை ஒரே சீராக ஏற்காது.

பலர் யோசிக்காத விஷயம், லேசர் முடி நீக்கம். லேசர் முடியின் கருமையைத் தேடிச் சுடுவது; டாட்டூவின் மையையும் அதே போலச் சுட்டுக் கொப்புளமாக்கிவிடும். கெண்டைக்கால், தொடை, கையில் லேசர் செய்துகொள்ளும் எண்ணம் இருந்தால், அந்த அமர்வுகளை முடித்துவிட்டுப் பிறகு டாட்டூ போடுங்கள். வாக்ஸிங் என்றால் டாட்டூ முழுமையாக ஆறிய பிறகுதான். குறைந்தது 4 வாரம்.

மச்சத்தின் மேல் மை வேண்டாம். அதன் நிறமோ விளிம்போ மாறினால் தோல் மருத்துவர் பார்க்க வேண்டும். மை அதை மறைத்துவிடும். மச்சத்தைச் சுற்றி இடம்விட்டு வரையச் சொல்லுங்கள். காதில், தோளில் கெலாய்டு தழும்பு (காயத்தின் எல்லையைத் தாண்டித் தடித்து வளர்வது) வந்த அனுபவம் உள்ளவர்கள் மேல்மார்பையும் தோளையும் தவிர்ப்பது மட்டும் போதாது. டாட்டூவே வேண்டுமா என்று முதலில் மருத்துவரிடம் கேட்க வேண்டும். மாநிறத்திலும் கருநிறத்திலும் வெள்ளை, வெளிர் மஞ்சள், வெளிர் இளஞ்சிவப்பு நிற்பதில்லை, ஏனெனில் அவற்றுக்கு மேலே உங்கள் தோலின் நிறம் திரைபோல நிற்கிறது. கறுப்பும் அழுத்தமான நிறங்களும் இடைவெளியும்தான் அங்கே கைகொடுக்கும்.

ஒத்திகை பார்க்க 'கறுப்பு மெஹந்தி' போட்டுக்கொள்ளாதீர்கள். அதில் கலக்கப்படும் முடிச்சாயப் பொருள் கடும் ஒவ்வாமையைக் கிளப்பி, பிறகு தலைச்சாயமே ஆகாத நிலையில் விட்டுவிடலாம். தண்ணீரில் ஒட்டும் தற்காலிக ஸ்டிக்கர் போதும்.

விலாவில் மார்புக் கச்சின் பட்டையும், இடுப்பில் ஜீன்ஸும் புது டாட்டூவை இரண்டு மூன்று வாரத்துக்கு உரசும். அந்த நாட்களில் தளர்ந்த உடை அணிய முடியாத வேலை என்றால் வேறு இடமோ வேறு மாதமோ பாருங்கள்.

ஸ்டென்சில் ஒட்டும்போது படுத்திருந்தாலோ கையை முறுக்கி வைத்திருந்தாலோ, எழுந்து நின்றதும் டிசைன் சாய்ந்து தெரியும். முன்கை திரும்பும்போது தோலும் கூடவே திரும்புவதே காரணம். கையைத் தொங்கவிட்டு இயல்பாக நிற்கும்போது ஒட்டச் சொல்லுங்கள். கண்ணாடி இடவலமாக மாற்றிக் காட்டும் என்பதால் வேறொருவரைப் படம் எடுக்கச் சொல்லிப் பாருங்கள். உட்கார்ந்து, கையை மடக்கி, உடலைத் திருப்பியும் பாருங்கள். பிடிக்கவில்லை என்றால் துடைத்துவிட்டு மறுபடி ஒட்டுவது ஐந்து நிமிட வேலை. அதற்கு முகம் சுளிக்கும் கலைஞரிடம் ஊசி போட்டுக்கொள்ள வேண்டாம். சரியாக அமைந்த பிறகும் 10 முதல் 15 நிமிடம் காயவிட வேண்டும். ஈர ஸ்டென்சில் துடைக்கும்போதே அழிந்து, மிச்சக் கோட்டை ஊகத்தில் போட வேண்டிவரும்.