80-ஐத் தாண்டினால் ஆட்டம்

என்னுடையது 2009 மாடல் டீசல் கார். ஊருக்குள் ஓட்டினால் ஒன்றும் தெரியாது. ஹைவேயில் 80-ஐத் தாண்டினால் சில நேரம் வண்டியே இடவலமாக ஆடும். சில நேரம் வெண்ணெய் மாதிரி போகும். வீல் பேலன்சிங் இரண்டு தடவை, அலைன்மென்ட் ஒரு தடவை, முன் டயர்களைப் பின்னுக்கு மாற்றியும் பார்த்தாயிற்று. காசு போனதுதான் மிச்சம். ஏசி போட்டால்தான் ஆடுகிறதோ என்று ஒரு மாதம் வெயிலில் வெந்தது தனிக் கதை.

சேலத்திலிருந்து தருமபுரி போகும்போது தொப்பூர் ஏற்றத்தில்தான் பிடிபட்டது. ஆக்சிலரேட்டரை அழுத்தினால் ஆட்டம். காலை எடுத்தால் வேகம் குறைவதற்குள்ளேயே நின்றுவிடுகிறது. பேலன்சிங் கோளாறென்றால் கால் எங்கே இருந்தாலும் அந்த வேகத்தில் ஆடியிருக்கும். அப்படியானால் இன்ஜின் இழுக்கும்போது மட்டும் பாரம் ஏறுகிற ஏதோ ஒன்று. கியர்பாக்ஸிலிருந்து சக்கரத்துக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் தண்டு, அதாவது டிரைவ் ஷாஃப்ட். அதன் இரண்டு முனையிலும் மடங்கிச் சுழலும் ஜாயின்ட் உண்டு.

மெக்கானிக் அண்ணன் நம்பவில்லை. "பூட் கிழியலையே தம்பி, திருப்பும்போது கடகடன்னு சத்தமும் இல்லையே" என்றார். பூட் என்பது ஜாயின்ட்டை மூடியிருக்கும் ரப்பர் உறை. அப்படிச் சத்தம் போடுவது சக்கரத்தோரம் இருக்கும் ஜாயின்ட். கியர்பாக்ஸ் பக்கத்து ஜாயின்ட் பெரும்பாலும் ஆட்டத்தோடு சரி. கழற்றினோம். கறுத்த கிரீஸைத் துடைத்ததும், அந்த ஜாயின்ட்டின் கப்புக்குள் ரோலர்கள் ஓடுகிற இடத்தில் பள்ளம். நகத்தை வைத்து இழுத்தால் தட்டுகிறது. அண்ணனும் தன் நகத்தை வைத்துப் பார்த்தார்.

கப், ரோலர், பூட், கிரீஸ் எல்லாம் புதிது போட்டோம். போன வாரம் அதே ஏற்றம், பின்சீட்டில் மூன்று பேர். கதவோரம் செருகிய தண்ணீர் பாட்டில்கூட நடுங்கவில்லை.