கடைசி இடம் பிடித்த ஃபேன்டஸி அணியைத் தேற்றுவது எப்படி

நிஜ வீரர்களை வைத்து கற்பனை அணி கட்டி, அவர்கள் ஆடுவதற்கு ஏற்ப புள்ளி எடுப்பதுதான் ஃபேன்டஸி. நண்பர்களாகச் சேர்ந்து எக்செல் ஷீட்டில் அப்படி நடத்தும் ஐபிஎல் லீக்கில், அடுத்த வருடத்துக்கும் சில வீரர்களைத் தக்கவைக்கலாம் என்று விதி இருந்தால், சீசன் முடிந்த கையோடு வேலையை ஆரம்பித்துவிடுங்கள். (காசு கட்டி ஆடும் ஆப் எல்லாம் வேண்டாம், பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டைத் தடை செய்த 2025 சட்டத்தோடு அந்தக் கதை முடிந்தது.)

முதலில் வயதான பெரிய பெயர்களைத் தள்ளிவிடுங்கள். மவுசு இருக்கும்போதே சேலம் அஞ்சு ரோட்டு டீக்கடையில் உட்கார்ந்து பேரம் பேசி, ஒருவருக்கு இரண்டு இளசுகள் என்று வாங்கிப் போடுங்கள், போன பிறகு புலம்பவும் கூடாது.

இளசுகளுக்கு டிஎன்பிஎல் (தமிழ்நாடு பிரீமியர் லீக்) பாருங்கள். நம்ம சின்னப்பம்பட்டி நடராஜன் 2016இல் அங்கே யார்க்கர் போட்டதைப் பார்த்துத்தான் அடுத்த வருட ஐபிஎல் ஏலத்தில் பஞ்சாப் 3 கோடி கொடுத்தது. சாய் சுதர்சன் 2021இல் அங்கே கோவை அணிக்கு ஆடினார், 2022இல் ஐபிஎல்லின் குஜராத் அணியில் இருந்தார். வாழப்பாடியில் ஆட்டம் நடந்தால் நேரிலேயே போய்விடுங்கள். மொத்த ரன், விக்கெட்டை மட்டும் பார்த்து ஏமாற வேண்டாம்: பேட்ஸ்மேன் எத்தனையாவதாக இறங்குகிறார், 18, 20ஆவது ஓவரை கேப்டன் யார் கையில் கொடுக்கிறார், இதைக் குறித்து வையுங்கள்.

அப்புறம் ஆல்ரவுண்டர். 2023இல் இம்பாக்ட் பிளேயர் விதி (ஆட்டத்தின் நடுவே ஒருவரை எடுத்துவிட்டு இன்னொருவரை இறக்கலாம்) வந்ததிலிருந்து பல பேருக்குப் பந்து அதிகம் கிடைப்பதில்லை, அவர்களை பேட்ஸ்மேன் விலைக்கு மேல் வாங்காதீர்கள்.

ஐபிஎல் ஏலம் முடியும்வரை உங்கள் அணியில் ஒரு இடத்தைக் காலியாக வையுங்கள். நீங்கள் பிடித்த பையனை, அதே இடத்தில் சீனியர் இருக்கும் அணி வாங்கினால், சீசன் முழுக்க பெஞ்ச்தான். அப்படி ஆனால் அன்றைக்கே அவனை மாற்றிவிடுங்கள்.