சேற்றில் ஓடும் ஜீப்புக்கு கிரவுன் பினியன் மாற்றும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

"நம்ம ஊர்ல மலையா இருக்கு, ஆக்ஸில் கியரை ஏன் மாத்தணும்?" என்று கேட்பவர்கள் ஐப்பசி மழையில் மன்னார்குடிப் பக்கம் ஒரு வாய்க்கால் கரையில் ஜீப் ஓட்டிப் பார்க்க வேண்டும். களிமண் சக்கரத்தோடு அப்பிக்கொண்டு விடாது. அதற்காகப் பெரிய டயர் போடுகிறோம். போட்டதும் வண்டி இழுக்கத் திணறும், கிளட்ச் கருகும் வாசனை வரும். ஆக்ஸிலுக்குள் சக்கரங்களைச் சுழற்றும் பல்சக்கர ஜோடியான கிரவுன் (பெரியது), பினியன் (சிறியது) மாற்றும் யோசனை அப்போதுதான் வருகிறது. அந்த வேலையில் நான் பட்டதையும் பார்த்ததையும் வைத்து எழுதுகிறேன்.

அடுத்தவர் வண்டியில் இருக்கும் ரேஷியோவை அப்படியே வாங்குவதுதான் முதல் தவறு. கிரவுனின் பற்களைப் பினியனின் பற்களால் வகுத்தால் வருவது ரேஷியோ. அது கூடினால் இழுவை கூடும், அதே வேகத்துக்கு இன்ஜின் அதிகம் சுற்ற வேண்டும். 41-க்கு 11 என்றால் 3.73, 41-க்கு 10 என்றால் 4.10, 39-க்கு 8 என்றால் 4.88. உங்கள் வண்டியில் 3.73 இருந்து, 28 அங்குல டயரை 31 ஆக்கினால், 3.73-ஐ 31-ஆல் பெருக்கி 28-ஆல் வகுங்கள். 4.13 வரும். அப்படியென்றால் 4.10 போட்டாலே பழைய இழுவை ஏறக்குறையத் திரும்பிவிடும். சேற்றுக்கு இன்னும் கொஞ்சம் பலம் வேண்டுமென்றால் ஒரு படி மேலே போகலாம். நேராக 4.88-க்குத் தாவினால் தஞ்சாவூர் ரோட்டில் இன்ஜின் கத்திக்கொண்டே வரும், டீசலும் கூடுதலாகக் குடிக்கும்.

செலவுக்குப் பயந்து பின் ஆக்ஸிலில் மட்டும் மாற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். முன்னும் பின்னும் வேறு வேறு ரேஷியோ இருக்கும்போது ஃபோர்வீல் போட்டால் இரண்டும் ஒன்றையொன்று இழுத்துப் பிடிக்கும். சேற்றில் டயர் வழுக்குவதால் உடனே தெரியாது. அதே நிலையில் தார் ரோட்டில் ஏறினால் முன், பின் ஆக்ஸிலுக்கு இழுவையைப் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸோ ஜாயிண்டோ உடையும். இரண்டையும் சேர்த்து மாற்றப் பணம் சேரும்வரை காத்திருங்கள்.

கிரவுனும் பினியனும் ஒன்றோடொன்று உரசித் தேய்த்துத் தயாரான ஜோடி. இரண்டிலும் ஒரே ஜோடி எண் இருக்கிறதா என்று கடையிலேயே பாருங்கள். ஹவுசிங்கைப் பிரிக்கும்போது பேரிங் கேப்புகளில் இடது, வலது என்று அடையாளம் குத்திவிடுங்கள். மாறிப் போனால் பேரிங் சரியாக உட்காராது. பழைய பேரிங்கையே திரும்பப் போட்டுக் காசு மிச்சம் பிடிக்கவும் வேண்டாம்.

அடுத்தது என் வண்டியிலேயே நடந்தது. முதல் தடவை மாற்றியபோது பட்டறையில் பழைய ஷிம்மையே (பினியன் நிற்கும் இடத்தைச் சரிசெய்யும் மெல்லிய தகடு) போட்டு மூடிவிட்டார்கள். கும்பகோணம் ரோட்டில் 60-ஐத் தொட்டதும் ஊளை மாதிரி ஒரு சத்தம். ஆக்ஸிலேட்டரை விட்டால் நின்றுவிடும். "ஓட ஓட செட் ஆயிடும்ணே" என்றார்கள். நம்பினேன். நான்கு மாதம் கழித்துத் திறந்தபோது, கிரவுன் பல்லின் மேல் விளிம்பு மட்டும் கண்ணாடி மாதிரிப் பளபளத்தது. பல்லின் நடுப்பகுதியில் பினியன் பட்ட தடமே இல்லை. ஜோடியையே தூக்கிப் போட வேண்டியதாயிற்று.

தவறாக உட்கார்ந்த பல் ஓடி ஓடிச் சரியாகாது, தேயத்தான் செய்யும். ஆகவே மூடுவதற்கு முன் மார்க்கிங் பேஸ்ட்டைச் சில பற்களில் தடவி, கிரவுனைக் கொஞ்சம் அழுத்தம் கொடுத்துச் சுற்றித் தடத்தைப் பார்க்க வேண்டும். தடம் பல்லின் உச்சியில் விழுந்தால் பினியன் விலகி நிற்கிறது, உள்ளே தள்ள வேண்டும். அடியில் விழுந்தால் அதிகம் உள்ளே போயிருக்கிறது. உச்சிக்கும் அடிக்கும் நடுவில் வரும்வரை ஷிம் மாற்றி மாற்றிப் பார்க்க வேண்டும். நான்கைந்து தடவை கழற்றி மாட்ட நேரலாம். அதற்குச் சலிக்காத மெக்கானிக் கிடைத்தால் விடாதீர்கள்.

பற்களுக்கு இடையே உள்ள பிளேயை டயல் கேஜ் வைத்து அளக்கச் சொல்லுங்கள். பல வண்டிகளுக்கு 0.15 முதல் 0.25 மி.மீ. வரை இருக்கும், உங்கள் வண்டிக்கான அளவு மேனுவலில் உண்டு. கிரவுனைச் சுற்றி மூன்று நான்கு இடத்தில் அளக்க வேண்டும். பினியன் நட்டை இறுக்குவதிலும் கைக்கணக்கு உதவாது. உள்ளே கிரஷ் ஸ்லீவ் (நட்டை இறுக்கும்போது நசுங்கும் குழாய்) இருக்கும் ஆக்ஸிலில் கூடுதலாக இறுக்கிவிட்டால், நட்டைத் தளர்த்திச் சரிசெய்ய முடியாது. புது ஸ்லீவ்தான் போட வேண்டும்.

நம் டெல்டாவில் யாரும் கவனிக்காதது பிரீதர். ஆக்ஸில் மேல் இருக்கும் சின்ன மூச்சுக்குழாய் அது. ரோட்டில் ஓடிச் சூடான ஆக்ஸில் சட்டென்று வாய்க்கால் தண்ணீரில் இறங்கினால் உள்ளே இருக்கும் காற்று சுருங்கும். பிரீதர் சேறு அடைத்துக் கிடந்தால் சீல் வழியாகத் தண்ணீரை உறிஞ்சும். திறந்திருந்தாலும் தண்ணீருக்குள் முழுகினால் அதன் வழியாகவே உறிஞ்சும். வெண்ணாற்றங்கரையில் ஒரு வண்டியின் டிரெயின் பிளக்கைக் கழற்றியபோது கியர் ஆயில் வரவில்லை. காபி நிறத்தில் பாலாடை மாதிரி ஏதோ வழிந்தது. பேரிங் உருளைகளில் துரு புள்ளி புள்ளியாக ஏறியிருந்தது. கிரவுன் மாற்றும் அன்றைக்கே ஒரு ரப்பர் குழாய் மாட்டி, பிரீதரை பானெட் உயரத்துக்கு ஏற்றிவிடுங்கள். ஆக்ஸில் கியர் வாங்கும் செலவில் இது ஒன்றுமே இல்லை. தண்ணீரில் ஆழமாக இறங்கிய ஒவ்வொரு தடவைக்குப் பிறகும் ஆயிலைக் கொஞ்சம் வடித்துப் பாருங்கள்.

ஆயில் ஜிஎல்-5 தரத்தில், பொதுவாக 80டபிள்யூ-90. மாற்றிய அன்றே நெல் மூட்டை ஏற்ற வேண்டாம், டிரெய்லர் கட்ட வேண்டாம். முதலில் இருபது இருபத்தைந்து கிலோமீட்டர் நிதானமாக ஓட்டி, ஆக்ஸில் நன்றாக ஆறும்வரை நிறுத்துங்கள். இப்படி இரண்டு மூன்று தடவை. முதல் 800 கிலோமீட்டர் வரை பாரம் இல்லாமல் ஓட்டிவிட்டு ஆயிலை மாற்றுங்கள். புதுப் பற்கள் உதிர்த்த மாவுபோன்ற இரும்புத்தூள் அதோடு வெளியே போய்விடும்.

இதற்கெல்லாம் நாள் வேண்டும். அதனால் உளுந்து, பயறு எடுத்து முடித்த சித்திரையில் வேலையைத் தொடங்குவது என் வழக்கம். வயல் காய்ந்து கிடக்கும், வண்டிக்கும் வேலை இருக்காது. வழக்கப்படி ஜூன் 12-இல் மேட்டூர் திறந்து, கல்லணை தாண்டிக் கடைமடைக்குத் தண்ணீர் வந்து சேர்வதற்குள் அந்த 800 கிலோமீட்டரும் ஓடி முடிந்திருக்கும்.