சோர்ந்துபோன நாட்களில் ஜெபிப்பது எப்படி?

பலவீனமான நேரத்தில் பலர் முதலில் செய்வது, ஜெப நேரத்தைக் கூட்டுவதுதான். அரைமணி நேரம் ஜெபித்தவர் இனி ஒரு மணி நேரம் என்று தீர்மானிப்பார். கூடவே மூன்று நாள் உபவாசமும் எடுப்பார். நான்காம் நாள் வேதத்தைத் திறக்கவே மனம் வராது. பிறகு குற்ற உணர்ச்சியும் சேர்ந்துகொள்ளும். செய்ய வேண்டியது நேர்மாறானது. அளவைக் குறைத்துக்கொள்ளுங்கள், ஆனால் விடாமல் செய்யுங்கள்.

முதலில் உடம்பு

1 இராஜாக்கள் 19ஆம் அதிகாரத்தைப் படித்துப் பாருங்கள். கர்மேல் பர்வதத்தில் அவ்வளவு பெரிய வெற்றியைக் கண்ட எலியா தீர்க்கதரிசி, ராணி யேசபேலின் மிரட்டலுக்குப் பயந்து ஓடி, வனாந்தரத்தில் ஒரு சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, "போதும் கர்த்தாவே" என்று சாவைக் கேட்கிறார். வந்த தூதன் அவரைக் கண்டிக்கவில்லை, உபதேசமும் பண்ணவில்லை. சுட்ட அடையையும் தண்ணீரையும் காட்டி, எழுந்து சாப்பிடு என்றான். சாப்பிட்டுவிட்டு எலியா மறுபடியும் படுத்துக்கொண்டார். தூதன் இரண்டாம் முறையும் எழுப்பிச் சாப்பிட வைத்தான். அதன் பிறகுதான் ஓரேப் மலைக்கு நாற்பது நாள் பயணம். "இங்கே உனக்கு என்ன காரியம்?" என்று தேவன் விசாரித்ததும் அங்கே போய்ச் சேர்ந்த பிறகுதான்.

ஆகவே தூக்கமும் சாப்பாடும் சரியில்லாதபோது உபவாசம் எடுக்க வேண்டாம். மருந்து சாப்பிடுகிறவர்கள் விசுவாசத்தின் பெயரில் அதை நிறுத்தவே கூடாது. எலியாவைப் போல உங்களுக்கும் சாவைப் பற்றிய எண்ணம் வருகிறதென்றால், இந்தக் கட்டுரையை இங்கேயே நிறுத்திவிட்டு, இன்றைக்கே மருத்துவரிடமோ நம்பிக்கையான ஒருவரிடமோ சொல்லுங்கள். தனியாக இருக்காதீர்கள்.

எந்தப் பலவீனம்?

களைப்பு, நோய், இழப்பு, பாவம் எல்லாமே உள்ளுக்குள் ஒரே மாதிரிதான் கனக்கும். ஆனால் வழி வேறு வேறு. பாவம் என்றால் 51ஆம் சங்கீதத்தை எடுத்து, செய்ததைப் பெயர் சொல்லி அறிக்கையிடுங்கள்; 1 யோவான் 1:9 மன்னிப்பை உறுதியாகச் சொல்கிறது. மற்ற மூன்றுக்கும் மனந்திரும்புதல் மருந்தல்ல. நோயாளியாக இருப்பவர் மறைவான பாவத்தைத் தேடித் தன்னையே குடைந்துகொண்டிருந்தால், துன்பத்துக்குக் காரணம் பாவம்தான் என்று யோபுவைக் குற்றம் சாட்டிய நண்பர்களின் தவற்றைத் தனக்கே செய்துகொள்கிறார்.

பத்து நிமிட ஜெபம்

13ஆம் சங்கீதத்தில் ஆறே வசனங்கள். கத்தோலிக்க வேதாகமத்தில் திருப்பாடல் 13. ஒரு நோட்டும் பேனாவும் எடுத்துக்கொண்டு, வாய்விட்டு மெதுவாக ஒரு முறை வாசியுங்கள். பிறகு பகுதி பகுதியாகப் போங்கள்.

முதல் இரண்டு வசனங்களில் "எதுவரைக்கும்" என்று தாவீது நான்கு முறை கேட்கிறார். அங்கே நிறுத்தி, உங்களுடைய "எதுவரைக்கும்" ஒன்றையோ இரண்டையோ எழுதுங்கள். "என் கஷ்டங்கள் எதுவரைக்கும்?" என்று பொதுவாக எழுதினால் மனம் திறக்காது. "வட்டி கட்ட வேண்டிய தேதியை நினைத்து நடுராத்திரியில் விழித்துக் கிடப்பது எதுவரைக்கும் ஆண்டவரே?" என்பது ஜெபம். தேவனிடம் இப்படிப் பேசலாமா என்ற தயக்கம் வேண்டாம், வேதமே பேசுகிறது.

மூன்றாம், நான்காம் வசனங்கள் விண்ணப்பம். இன்றைய ஒரு நாளுக்கான ஒரே ஒரு விண்ணப்பத்தை எழுதுங்கள். யாத்திராகமம் 16இல், வனாந்தரத்தில் இஸ்ரவேலருக்குத் தேவன் கொடுத்த உணவான மன்னா அன்றன்றைக்குத்தான் கிடைத்தது. மறுநாளுக்கு வைத்தது புழுத்தது. (ஓய்வுநாளுக்கு எடுத்துவைத்தது மட்டும் விதிவிலக்கு.)

கடைசி இரண்டு வசனங்களில் நம்பிக்கையும் பாட்டும் வருகின்றன. உணர்வு வராவிட்டாலும் வாசித்துவிடுங்கள். அது இப்போதைக்கு தாவீதிடம் இரவல் வாங்கிய வார்த்தை. பெரும்பாலும் தவறு நடப்பது இங்கேதான்: முறையிடுவதை அவிசுவாசம் என்று எண்ணி, நேரே ஐந்தாம் வசனத்துக்குத் தாவிவிடுவார்கள். புலம்பாமல் விட்ட துக்கம், துதிக்கு நடுவிலேயே எட்டிப் பார்க்கும்.

ஒரு வாரம் இதே சங்கீதம் போதும். நம்பிக்கை வசனங்கள் பொய்யாகத் தோன்றும் அளவுக்கு மோசமான நாளில் 88ஆம் சங்கீதத்துக்குப் போங்கள். அது ஆறுதல் வார்த்தை ஒன்றுகூட இல்லாமலே முடிகிறது. ஆனாலும் முதல் வசனம் தேவனைப் பார்த்துத்தான் கூப்பிடுகிறது.

வாசிக்கவே முடியாத நாளில்? கர்த்தர் கற்பித்த ஜெபம் ஒரு முறை. அதுவும் முடியாவிட்டால் "ஆண்டவரே, இரக்கமாயிரும்" என்று மூச்சோடு மூச்சாகச் சொல்லுங்கள். வேண்டிக்கொள்ளத் தெரியாத நமக்காக ஆவியானவரே பெருமூச்சுகளோடு வேண்டுதல் செய்கிறார் என்று ரோமர் 8:26 சொல்வது இந்த நாளுக்காகத்தான்.

பதில் "இல்லை" என்று வந்தால்

தன் மாம்சத்தில் இருந்த ஒரு வேதனையைப் பவுல் "முள்" என்கிறார்; அது நீங்கும்படி மூன்று தரம் கேட்டார். நீங்கவில்லை, "என் கிருபை உனக்குப்போதும்" என்ற பதில் வந்தது (2 கொரிந்தியர் 12). அந்த முள் என்னவென்று வேதம் சொல்லவில்லை. இதை வைத்து, சுகத்தைக் கேட்கவே கூடாது என்று சிலர் போதிப்பது சரியல்ல, பவுலே கேட்டுவிட்டுத்தானே இந்தப் பதிலைப் பெற்றார். கேளுங்கள். கேட்பதோடு, முள் இருக்கும்போதே இன்று செய்யக்கூடிய ஒரு சிறு கடமைக்குப் பலம் தரும்படியும் கேளுங்கள். நோயாளிக்கு மருந்து கொடுப்பது, ஒரு கடிதத்துக்குப் பதில் எழுதுவது, அந்த அளவுக்குச் சிறிதாக இருக்கட்டும்.

சபையிடம் எப்படிச் சொல்வது

மாற்கு 2இல் நடக்க முடியாத ஒரு திமிர்வாதக்காரனை நான்கு பேர் சுமந்துவந்து, கூரையைப் பிரித்து இயேசுவின் முன் இறக்கினார்கள். இயேசு "அவர்கள் விசுவாசத்தை" கண்டார் என்றிருக்கிறது. உங்கள் விசுவாசம் படுத்துவிட்ட நாளில் மற்றவர்கள் உங்களைச் சுமக்க அனுமதியுங்கள். எல்லாரிடமும் சொல்ல வேண்டாம், வாயைக் கட்டத் தெரிந்த ஒருவர் அல்லது இருவர் போதும். "எனக்காக ஜெபியுங்கள்" என்பதோடு நிறுத்தாமல், "வியாழக்கிழமை மருத்துவமனைக்குப் போகிறேன், அன்று காலை ஜெபித்துவிட்டுப் போன் பண்ணுங்கள்" என்று நாளையும் காரியத்தையும் சொல்லிக் கேளுங்கள். நோயென்றால் சபையின் மூப்பர்களை அழைக்கும்படி யாக்கோபு 5:14 சொல்கிறது. நீங்கள் தெரிவிக்காவிட்டால் அவர்கள் வர முடியாது. பாட முடியாவிட்டாலும் ஆராதனைக்குப் போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்திருங்கள்.

பலம் திரும்பத் தொடங்கியதும் பழைய ஒழுங்குக்கு ஒரேயடியாகத் தாவ வேண்டாம். வாரத்துக்கு ஐந்து நிமிடமாகக் கூட்டுங்கள். நடுவில் நான்கு நாள் தவறிவிட்டால், விட்டதையெல்லாம் ஈடுகட்ட உட்காராமல் அன்றைய பகுதியிலிருந்தே தொடருங்கள்.