சேம்பரைக் கழற்றாமல் கசடு போகாது

கொங்குப் பக்கம் தோட்டத்துச் சாளைகளில் (தோட்ட வீடுகளில்) நிற்கிற பழைய மாருதி 800, ஆம்னி, ஜென், சான்ட்ரோவுக்கெல்லாம் ஏறக்குறைய ஒரே ஜாதகம்தான். கல்யாணம், கோயில், ஆஸ்பத்திரி என்றால் வெளியே வரும். மற்ற நாளில் சந்தை வரைக்கும் நாலு கிலோமீட்டர் போய்த் திரும்பும். மீட்டர் ஓடாததால் "இன்னும் 5,000 ஆகலீங்களே" என்று ஆயில் சர்வீஸ் வருடக்கணக்கில் தள்ளிப்போகும்.

இன்ஜினுக்குள் கசடு படிவதற்கு இந்த ஓட்டமே போதும். முழுச் சூடு ஏறும் முன்பே நிறுத்தினால், எரிப்பில் உண்டாகும் நீராவி உள்ளே குளிர்ந்து ஆயிலோடு தங்கிவிடும். எரியாத பெட்ரோலும் பிஸ்டன் ரிங்கைத் தாண்டிக் கீழே இறங்கும். அழுக்கைத் திரளவிடாமல் மிதக்க வைக்க ஆயிலில் கலந்திருக்கும் மருந்து இதிலேயே தீர்ந்துபோகும். அப்புறம் கரி, தண்ணீர், அமிலம் எல்லாம் சேர்ந்து தார் மாதிரி ஒட்டிக்கொள்ளும். தீர்ந்துபோன ஆயிலோடு வால்பாறையின் நாற்பது கொண்டை ஊசி வளைவு ஏறினால் இதே வேலை சூட்டில் நடக்கும். அந்தப் படிவு இன்னும் கெட்டி.

முதலில் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க வேண்டும். ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பார்ப்பது ஆரம்பம்தான், அதை வைத்து முடிவு கட்டக் கூடாது. இன்ஜினின் மேல்மூடியான டேப்பெட் கவரைக் கழற்றுங்கள். பழைய பெட்ரோல் வண்டிகளில் பெரும்பாலும் சில 10 நம்பர் போல்ட்தான். வெறும் பழுப்புக் கறை என்றால் பயமில்லை, ஆயிலைச் சீக்கிரம் சீக்கிரம் மாற்றினாலே சரியாகும். விரலால் வழித்தால் வரும் கருப்புச் சேறு என்றால் இன்ஜினுக்கு அடியில் ஆயில் தங்கும் தொட்டியான சேம்பரைக் கழற்றியே ஆக வேண்டும். ஸ்க்ரூ டிரைவரால் சுரண்டினால் பொருக்குப் பொருக்காகப் பெயர்ந்து, சூடானபின் ஐடிலில் ஆயில் லைட்டும் மினுக்கி, அடியில் நாக்கிங் சத்தமும் கேட்டால் இன்ஜினையே பிரித்து வேலை பார்க்கும் நிலைக்குப் போய்விட்டது. அதற்கு மேல் ஆயிலுக்குச் செலவழிப்பது வீண்.

டீசல் வண்டியில் ஆயில் மாற்றிய கொஞ்ச தூரத்திலேயே கருத்துவிடும். அது கசடு இல்லை. மூடியின் உள்பக்கம் மட்டும் வெளுத்த நுரை இருந்தால் குட்டை ஓட்டத்தின் ஈரம். டிப் ஸ்டிக்கிலும் அதே வெளுப்பு இருந்தால் ரேடியேட்டர் தண்ணீர் உள்ளே இறங்குகிறது என்று சந்தேகப்பட வேண்டும். சந்தேகம் தீர, சூடான தகட்டில் ஒரு சொட்டு ஆயிலை விடுங்கள். படபடவென்று பொரிந்தால் தண்ணீர் உண்டு. முதலில் ஹெட் கேஸ்கெட்டை (இன்ஜினின் மேல்பாகமான ஹெட்டுக்கு அடியில் இருக்கும் சீல்) பாருங்கள், சுத்தம் செய்வது அப்புறம்.

இனி டீசல் வைத்தியம். பழைய ஆயிலில் அரை லிட்டர் டீசலோ மண்ணெண்ணெயோ ஊற்றிப் பத்து நிமிடம் ஐடிலில் விட்டு இறக்குவது நம்ம ஊர்ப் பட்டறைகளில் பழகிப்போன முறை. கொட்டுவது கருகருவென்று வருவதால் சுத்தமாகிவிட்டது என்று தோன்றும். உண்மையில் நடப்பது வேறு. ஆயில் நீர்த்துப்போய்க் கிராங்க் பேரிங்கிலும் கேமிலும் இரும்போடு இரும்பு உரசாமல் நிற்க வேண்டிய படலம் மெலிகிறது. அதைவிட மோசம், மேலே ஒட்டியிருந்த கட்டி பெயர்ந்து சேம்பருக்கு இறங்கி ஸ்ட்ரெய்னர் வலையில் உட்காருகிறது. ஆயில் பம்ப் உறிஞ்சுவது அந்த வலை வழியாகத்தான். அடைத்தால் பேரிங் காய்ந்துபோகும். பத்து நாள் கழித்து இன்ஜின் பிடித்துக்கொள்ளும்போது ஊற்றிய டீசலை யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை. இன்ஜினை உள்ளே கழுவ என்று கடையில் டப்பாவில் விற்கும் ஃபிளஷும் கசடு மண்டிய இன்ஜினில் இதே ஆபத்துதான். லேசான கறைக்கு மட்டும் அதைப் பயன்படுத்தலாம்.

கழற்றும் வேலைக்கு வருவோம். இன்ஜினைச் சூடாக்கி ஆயிலை இறக்குங்கள், அரைமணி சொட்ட விடுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுக்காதீர்கள். இரண்டு ஸ்டாண்டு வேண்டும், பின் சக்கரத்துக்குக் கட்டை வேண்டும். சில வண்டிகளில் சைலன்சரின் முன் பைப்பையும் இறக்கினால்தான் சேம்பர் வெளியே வரும். போல்ட் எல்லாம் வந்தபின் சேம்பர் ஒட்டிக்கொண்டு நின்றால் ஓரத்தில் ரப்பர் சுத்தியலால் தட்டுங்கள். ஸ்க்ரூ டிரைவரை நுழைத்து நெம்பினால் விளிம்பு வளைந்து, பிறகு எத்தனை கேஸ்கெட் போட்டாலும் ஒழுகும்.

ஸ்ட்ரெய்னரைத் தனியே கழற்றி, வலையை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். வலைக்கண் எல்லாம் திறந்து தெரியாவிட்டால் புதிது வாங்கிப் போடுவதே மேல். அதன் ஓ-ரிங்கை எப்படியும் மாற்ற வேண்டும். பழைய ரிங் இறுகிப்போய்க் காற்று உறிஞ்சினால் பிரஷர் ஏறாது. சேம்பர், டேப்பெட் கவர், ஸ்ட்ரெய்னர் மூன்றையும் டீசலில் ஊற வைத்துத் தேயுங்கள், கழற்றிய பாகத்துக்கு டீசலைத் தாராளமாகப் பயன்படுத்தலாம். பிறகு சோப்புத் தண்ணீரில் கழுவி முழுக்கக் காய வையுங்கள். ஹெட்டின் மேலே இருக்கும் சேற்றைப் பிளாஸ்டிக் கரண்டியால் வழித்து வெளியே எடுங்கள், உள்ளே தள்ளக் கூடாது. ஆயில் கீழே திரும்பும் துவாரங்களை வளைந்த கம்பியால் திறந்து விடுங்கள். அவை அடைத்தால் ஆயில் மேலேயே தேங்கி, வால்வு சீல் வழியாக இறங்கி நீலப்புகை கக்கும். ரிங் போய்விட்டது என்று நினைத்து ரீபோருக்கு (சிலிண்டரைக் கடையும் வேலைக்கு) அனுப்பப்படும் வண்டிகளில் இந்தத் துவாரம் அடைத்தவையும் உண்டு.

துடைக்கப் பனியன் வேஸ்ட் வேண்டாம். திருப்பூர் புண்ணியத்தில் எல்லாப் பட்டறையிலும் அது மூட்டையாகக் கிடக்கும், கைக்கும் தரைக்கும் நல்லது. இன்ஜினுக்குள் போனால் அதன் நூல் பிசிறு நேராக ஸ்ட்ரெய்னருக்குத்தான் போகும். பிசிறு உதிராத துணி எடுங்கள்.

மாட்டும்போது கசியாமல் ஒட்டும் பேஸ்டான அனாபாண்டை அப்பக் கூடாது. 3 மில்லிமீட்டர் கனத்தில் ஒரே கோடு, போல்ட் துவாரத்தின் உள்பக்கமாகச் சுற்றி. அதிகம் வைத்தால் பிதுங்கி உள்ளே உதிர்ந்து வலையை அடைக்கும். 6 மில்லிமீட்டர் போல்ட்டுக்கு 10 நியூட்டன் மீட்டர் போதும், எதிரெதிராக இறுக்குங்கள். பேஸ்ட் காய டப்பாவில் போட்டிருக்கும் நேரம் விட்டு ஆயில் ஊற்றுங்கள். ஸ்டார்ட் செய்யும் முன் பெட்ரோல் பம்ப் பியூஸையோ காயில் வயரையோ கழற்றிவிட்டு, பத்துப் பத்து நொடியாக ஆயில் லைட் அணையும் வரை செல்ஃப் அடியுங்கள்.

முதல் ஆயில் விலை உயர்ந்ததாக இருக்க வேண்டியதில்லை, 500 கிலோமீட்டரில் கொட்டப் போகிறோம். கிரேடு மட்டும் வண்டியின் புத்தகத்தில் உள்ளபடி இருக்கட்டும். ஒவ்வொரு முறையும் ஃபில்டரும் புதிது. அடுத்தது 1,500, அதற்கடுத்தது 3,000. இந்த இடைவெளிகளில் மிச்சக் கசடு கரைந்து ஃபில்டரில் சேரும். பிறகு 5,000 அல்லது ஆறு மாதம், எது முந்தியோ அது. முதல் 500 கிலோமீட்டரில் ஆயில் லைட் மினுக்கினால் அங்கேயே நிறுத்துங்கள், அடுத்த ஊர் வரை ஓட்டிப் பார்க்காதீர்கள். ஸ்விஃப்ட் டீசல் மாதிரி டைமிங் செயின் உள்ள இன்ஜினில் செயினை இழுத்துப் பிடிக்கும் டென்ஷனரும் டர்போவும் இதே ஆயிலை நம்பித்தான் இருக்கின்றன. காலையில் ஸ்டார்ட் செய்ததும் கடகடவென்று சத்தம் வந்தால் செயினையும் பார்த்துவிடுங்கள். 800, சான்ட்ரோவுக்கு டைமிங் பெல்ட். எப்போது மாற்றியது என்று தெரியாவிட்டால் இந்த வேலையோடு சேர்த்தே மாற்றிவிடலாம், கூடவே கேம் சீல், கிராங்க் சீல்.

கசடு வந்த காரணத்தைச் சரிசெய்யாவிட்டால் மறுபடியும் வரும். இன்ஜினுக்குள் சேரும் ஆவியை வெளியே இழுத்துவிடும் பி.சி.வி. வால்வைக் கழற்றிக் குலுக்குங்கள், கிடுகிடுவென்று ஆட வேண்டும். ஆடாவிட்டால் மாற்றுங்கள், விலை சொற்பம். பல்லடம், சோமனூர்ப் பக்கம் ரேடியேட்டர் இடுக்கில் பஞ்சு அடைக்கும். பொள்ளாச்சியில் தென்னைநார்த் தூசி. உள்பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாகத் தண்ணீர் அடித்துக் கழுவுங்கள். போர் தண்ணீரை ரேடியேட்டரில் ஊற்றினால் உப்புப் படிந்து சூடு ஏறும், கூலன்டும் டிஸ்டில்டு வாட்டரும் பாதிக்குப் பாதி ஊற்றுங்கள்.

இன்ஜின் சூடாகும் வரை தண்ணீரை ரேடியேட்டருக்குப் போகவிடாத தெர்மோஸ்டாட் வால்வைக் கட்டாயம் பாருங்கள். "சூடாகுதுங்க" என்று போனால் அதைப் பிடுங்கி எறிந்துவிட்டு அனுப்பும் பழக்கம் இன்னும் இருக்கிறது. தெர்மோஸ்டாட் இல்லாத இன்ஜின் குட்டை ஓட்டத்தில் சூடே ஏறாது. கசடுக்கு அதைவிடத் தோதான இடம் கிடையாது. எத்தனை டிகிரியில் திறக்கும் என்று வால்வின் மேலேயே பொறித்திருக்கும். அதே அளவு வாங்கி, தெர்மாமீட்டர் வைத்துச் சுடுதண்ணீரில் போட்டுத் திறக்கிறதா என்று பார்த்து மாட்டுங்கள். பிறகு வாரம் ஒரு தடவையாவது அவிநாசி ரோட்டிலோ சேலம் ரோட்டிலோ வண்டியை நிறுத்தாமல் அரைமணி ஓட விடுங்கள்.