கடற்கரை ஊரில் கூட்டுத் தோட்டம்: மாசி முதல் வைகாசி வரை செய்ய வேண்டியவை

இளவேனில் வந்துவிட்டது, விதை வாங்கலாம் என்று கிளம்புவது நம் ராமநாதபுரம் கடற்கரைக்கு ஒத்துவராது. நமக்கு மழை என்றால் ஐப்பசி, கார்த்திகைதான். மண்டபத்திலிருந்து வாலிநோக்கம் வரைக்கும் சரி, அந்தப் பக்கம் தேவிபட்டினம், தொண்டி வரைக்கும் சரி, மாசியில் நல்ல தண்ணீராக இருக்கிற கிணறு சித்திரையில் உவர்க்க ஆரம்பித்துவிடும். அதனால் இந்த மாதங்களில் தோட்ட வேலை என்பது முக்கால்வாசி தண்ணீரைப் பற்றியது, அப்புறம் ஆட்களைப் பற்றியது. விதை கடைசியில்தான் வரும். பத்துப் பதினைந்து குடும்பம் சேர்ந்து ஊர்ப் பொது இடத்திலோ, பள்ளிக்கூடம், கோயில், பள்ளிவாசல், சர்ச்சுக்குச் சொந்தமான இடத்திலோ காய்கறி போடுகிறவர்களுக்காகவும், அதில் போய்ச் சேரலாமா என்று யோசிக்கிறவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன்.

இடம் இன்னும் முடிவாகவில்லை என்றால் கிராம சபையை விட்டுவிடாதீர்கள். மார்ச் 22, மே 1 இரண்டுமே கிராம சபை கூடும் நாட்கள், இரண்டும் நம் பருவத்துக்குள்ளேயே வருகின்றன. மார்ச் 22 தண்ணீர் தினம் என்பதால் பேச்சும் தண்ணீரைச் சுற்றித்தான் இருக்கும். இடம், கிணறு, வேலி மூன்றையும் ஒரே மனுவில் எழுதிக் கொடுத்து, தீர்மானத்தில் ஏற்றச் சொல்லுங்கள். வாய்ப்பேச்சில் கிடைத்த இடம் தலைவர் மாறினால் கையை விட்டுப் போய்விடும். சங்கமாகப் பதிவு செய்வதாக இருந்தால் 1975-ஆம் ஆண்டுச் சங்கப் பதிவுச் சட்டப்படி குறைந்தது 7 பேர் வேண்டும். முதல் வருஷமே அதற்கு அவசரப்பட வேண்டாம், மகளிர் குழு ஒன்று துணைக்கு இருந்தால் போதும்.

முதலில் தண்ணீரைப் பாருங்கள்

நம் கரையோர மணலில் நல்ல தண்ணீர் என்பது உப்புத் தண்ணீருக்கு மேலே மெல்லிய படலமாக நிற்கிற மழைத் தண்ணீர். ஊற்றுத் தோண்டி அகப்பையால் மொண்டு எடுக்கும் பெண்களுக்கு இது நன்றாகத் தெரியும், நிதானமாக எடுத்தால் ஊறிக்கொண்டே இருக்கும். அதே இடத்தில் ஆழமாக போர் போட்டு மோட்டார் வைத்து ஒரே மூச்சில் இழுத்தால் அடியில் இருக்கும் உப்பு மேலே ஏறி வந்துவிடும், ஒருமுறை ஏறிவிட்டால் அடுத்த மழை வரை அந்தக் கிணற்றை நம்ப முடியாது. ஆகவே தோட்டத்துக்கு ஆழம் குறைந்த அகலமான ஊற்றுக்கிணறுதான் நல்லது, மோட்டார் வைத்தே ஆக வேண்டும் என்றால் சின்ன மோட்டார், காலையில் கொஞ்சம், மாலையில் கொஞ்சம்.

தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பை அளக்க ஒரு டிடிஎஸ் மீட்டர் சங்கத்துக்கு வாங்கிவிடுங்கள், சின்ன பேனா மாதிரி இருக்கும், சில நூறு ரூபாய்தான். பதினைந்து நாளுக்கு ஒருமுறை கிணற்றுத் தண்ணீரை அளந்து நோட்டில் எழுதுங்கள். 2000-க்கு மேல் போய்விட்டால் பெரும்பாலான காய்கறிகள் சோர்ந்துவிடும், அதற்கு முன்னாலேயே பீன்ஸ், வெங்காயம், கேரட் படுத்துவிடும். கொத்தவரை, தட்டைப்பயறு, முருங்கை, தரைக்கீரை இவையெல்லாம் ஓரளவு உவர்ப்பைத் தாங்கும். சந்தேகம் இருந்தால் ராமநாதபுரத்தில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கடலோர உவர் ஆராய்ச்சி மையம் இருக்கிறது, நம் மாதிரியான நிலத்துக்கென்றே இருக்கும் இடம் அது, போய்க் கேளுங்கள்.

பாத்தியை மேடாக அமைப்பது மழைக்காலத்துக்கு. கோடையில் தரை மட்டத்துக்கு நாலு விரல் கீழே இறக்கிக் குழிப்பாத்தியாக வெட்டுங்கள், காற்றும் அவ்வளவாகப் படாது, ஊற்றிய தண்ணீரும் ஓடாது. பத்தடிக்கு நாலடி பாத்தி ஒன்றுக்குக் கோடையில் தினம் 20 லிட்டர் பக்கம் தேவைப்படும், அதாவது ஒரு குடத்துக்கு மேலே. இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் எத்தனை பாத்தி என்று முடிவு செய்ய வேண்டும். இருபது பாத்தி போட ஆசையிருந்து பத்துப் பாத்திக்குத்தான் தண்ணீர் இருக்கிறது என்றால் எட்டுப் போடுங்கள். இதில் மட்டும் நான் யாரிடமும் விட்டுக்கொடுப்பதில்லை, ஏனென்றால் காய்ந்துபோன பாத்தியைப் பார்த்த குடும்பம் மறு வருஷம் வராது.

தண்ணீர் லேசாக உவர்ப்பாக இருந்தால் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிக்காதீர்கள், உப்பு மேல் மண்ணிலேயே தங்கிவிடும். வாரத்துக்கு ஒருநாளாவது வேருக்குக் கீழே இறங்கும் அளவுக்கு நிறைய விடுங்கள், நம் மணல் உப்பைக் கீழே இழுத்துக்கொண்டு போய்விடும். இலையில் படாமல் அடியில் ஊற்றுங்கள், உப்புத் தண்ணீர் பட்ட இலை ஓரம் கருகும். பாகல், சுரை, பூசணி, வெள்ளரிக்குப் பானை முறைதான் சிறந்தது. மெருகு பூசாத மண்பானையைக் கழுத்து வரை புதைத்து, தண்ணீர் நிரப்பி, மூடி வைத்து, சுற்றிலும் நாலு விதை ஊன்றுங்கள். மூடி இல்லாவிட்டால் கொசு வந்துவிடும். பாத்தி முழுக்க மூடாக்கு அவசியம், பழைய பனையோலை, தென்னை மட்டை, ஊறவைத்த தேங்காய் உரிமட்டை எது கிடைத்தாலும் சரி.

சீமைக்கருவேலம், வேலி, காற்று

சீமைக்கருவேலத்தை எடுக்க மாசிதான் சரியான மாதம். மண்ணில் கொஞ்சம் ஈரம் இருக்கும்போதே கட்டையோடு தோண்டி எடுத்துவிட வேண்டும், மேலே வெட்டிவிட்டுப் போனால் அடிக்கட்டையிலிருந்து முன்பைவிட அடர்த்தியாகத் துளிர்க்கும். காய் பழுத்து விழுவதற்குள் இதை முடித்துவிடுவது நல்லது. விழுந்த காயை ஆடு தின்று, அதன் புழுக்கை வழியாகத்தான் விதை ஊர் முழுக்கப் பரவுகிறது. பச்சை ஆட்டுப் புழுக்கையைப் பாத்தியில் போட்டால் கருவேலங்கன்றை நாமே விதைத்த மாதிரி ஆகும், நன்றாக மக்க வைத்துத்தான் போட வேண்டும். எடுத்த விறகைக் கரிமூட்டம் போடுகிறவர்களிடம் விற்றால் சங்கத்துக்குக் கைச்செலவுக்கு ஆகும், முள்கிளையை வைத்து வெள்ளாடு வராமல் வேலி கட்டலாம். இந்த வேலைக்கு வருகிறவர்கள் தடித்த அடியுள்ள ஷூ போட்டு வாருங்கள், ரப்பர் செருப்பை அந்த முள் சாதாரணமாகத் துளைத்துவிடும்.

வைகாசியில் தென்மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்று பலக்கும், குறிப்பாக மன்னார் வளைகுடாவை ஒட்டிய தென்கடல் பக்கத்து ஊர்களில் மணலும் உப்பும் சேர்ந்து அடிக்கும். அதற்குள் தென்மேற்குப் பக்கம் ஓலைத் தட்டி கட்டிவிடுங்கள். காற்று கொஞ்சம் ஊடுருவிப் போகும்படி இடைவெளி விட்ட தட்டிதான் வேண்டும், சுவர் மாதிரி அடைத்தால் காற்று மேலே எகிறிச் சுழன்று உள்ளேயே அடிக்கும். நிலையான வேலிக்குக் கிளுவைக் குச்சியையும் பூவரசு, முருங்கைப் போத்தையும் ஊன்றி, வேர் பிடிக்கும் வரை தண்ணீர் ஊற்றுங்கள்.

ஆனால் தயவுசெய்து சித்திரையில் மரம் நடும் விழா வைக்காதீர்கள். வெயிலில் கன்றை நட்டுப் படம் எடுத்துக்கொண்டு போனால் பதினைந்து நாளில் குச்சிதான் மிஞ்சும். மரம் நட ஆர்வமாக வருகிறவர்களை நாற்றங்காலுக்குத் திருப்பிவிடுங்கள். கோடையில் புங்கம் விதை கிடைக்கும், ஆனி, ஆடியில் வேப்பம் விதை கிடைக்கும். பொறுக்கி வந்து பையில் போட்டு நிழலில் வளர்த்தால் ஐப்பசி மழைக்கு நட உருப்படியான கன்று கையில் இருக்கும்.

என்ன விதைக்கலாம், என்ன போட்டு வளர்க்கலாம்

மாசிப்பட்டத்துக்கு வெண்டை, கொத்தவரை, வெள்ளரி, பாகல், தண்டுக்கீரை, அரைக்கீரை போதும். கீரை மூன்று, நான்கு வாரத்தில் பறிப்புக்கு வந்துவிடுவதால் புதிதாக வந்தவர்களுக்கு முதலில் கீரைப் பாத்தியைக் கொடுங்கள், கையில் ஒரு கட்டு கிடைத்தால் மனசு நின்றுவிடும். பங்குனிக்கு அப்புறம் புதிதாக நாற்று நட வேண்டாம், இருப்பதைக் காப்பாற்றினாலே பெரிய காரியம்.

உரத்துக்கு நமக்கு வெளியே போக வேண்டியதில்லை. ஏலக்கூடத்தில் மீன் கழிவு கிடைக்கும். ஒரு கிலோ கழிவுக்கு ஒரு கிலோ வெல்லம், தண்ணீர் சேர்க்காமல், இறுக மூடும் வாளியில் நிழலில் 21 நாள் வைத்தால் மீன் அமிலம் தயார். பத்து லிட்டர் தண்ணீருக்கு 100 மில்லி, மாலை வேளையில் தெளியுங்கள். பூனை, நாய் உருட்டாத இடத்தில் வாளியை வையுங்கள். கருவாட்டுக் கழிவை மட்டும் தொடவே வேண்டாம், அது உப்பு. கரை ஒதுங்கும் பாசியும் கடல்புல்லும் கூட நல்ல உரம், நல்ல தண்ணீரில் அலசிக் காயவைத்து மக்குக்குழியில் கால்பங்குக்கு மேல் போகாமல் சேர்க்கலாம். ஒதுங்கியதைத்தான் எடுக்க வேண்டும், பாறையில் உயிரோடு இருக்கும் கட்டக்கோரையையும் மரிக்கொழுந்துப் பாசியையும் தோட்டத்துக்கென்று பிடுங்கக் கூடாது. மீன் குஞ்சு ஒதுங்கும் இடம் அது, பாசி எடுத்துப் பிழைக்கிற பெண்களின் சோறும் அதுதான்.

மணல் மண்ணுக்குக் கண்மாய் வண்டல் கிடைத்தால் யோகம். கண்மாய் வற்றுகிற சமயம்தான், வட்டாட்சியர் அலுவலகத்தில் அனுமதி வாங்கி ஒரு டிராக்டர் லோடு அடித்துவிடுங்கள், தண்ணீர் பிடித்து வைக்கும் சக்தி கண்ணுக்குத் தெரியவே கூடும்.

ஆட்களை எப்படிச் சேர்ப்பது

பெரும்பாலான தோட்டங்கள் சித்திரையில் காய்வதற்குக் காரணம் தண்ணீர் இல்லாதது மட்டும் இல்லை. இன்றைக்கு யார் ஊற்றுவது என்று முடிவாகாமல் இருப்பதுதான். எல்லோரும் ஊற்றுவோம் என்று பேசிக்கொண்டால் யாரும் ஊற்ற மாட்டார்கள். நம் கண்மாய்களுக்கு நீர்பாய்ச்சி என்று ஒருவர் உண்டு, யார் வயலுக்கு எப்போது எவ்வளவு என்பது அவர் பொறுப்பு. தோட்டத்துக்கும் வாரம் ஒரு நீர்பாய்ச்சி வையுங்கள். அவரே எல்லாவற்றையும் சுமக்க வேண்டியதில்லை, யார் வரவில்லையோ அவருக்குப் பதில் ஆள் பிடிப்பதுதான் அவர் வேலை. முறை அட்டவணையை வாட்ஸ்அப்பில் போடுவதோடு நிறுத்தாமல் கிணற்றடியில் ஒரு பலகையிலும் எழுதி வையுங்கள், வயதானவர்கள் அதைத்தான் பார்ப்பார்கள்.

முறை போடும்போது ஊரின் நாட்காட்டியைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். மார்ச்சும் ஏப்ரல் பாதியும் பிள்ளைகளுக்குப் பரீட்சை, அவர்களை இழுக்க வேண்டாம். இந்தச் சில ஆண்டுகளாக ரமலான் மாசி, பங்குனியை ஒட்டி வருகிறது. கீழக்கரை, பெரியபட்டினம் மாதிரி ஊர்களில் நோன்பு வைத்திருப்பவர்களுக்கு விடியற்காலை சுபுஹுத் தொழுகை முடிந்த கையோடு ஒரு மணி நேரம், அதுவும் மண்வெட்டி பிடிக்காமல் விதை பிரிப்பது, நாற்றுப்பை நிரப்புவது என்று கொடுங்கள். தங்கச்சிமடம், பாம்பன் பக்கம் மாசியில் கச்சத்தீவு அந்தோணியார் திருவிழாவுக்குப் பாதி ஊர் போய்விடும். பங்குனி உத்திரத்துக்கும் அப்படித்தான். பாசி எடுக்கும் பெண்கள் கடல் வற்றும் நாட்களில் வரமாட்டார்கள், மற்ற நாட்களில் அவர்களை மாதிரி நேரம் தவறாமல் வருகிறவர்கள் கிடையாது.

நமக்குப் பெரிய வரம் ஏப்ரல் 15. அன்றிலிருந்து ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகில் போகிறவர்கள் கரையில் இருப்பார்கள். வருமானம் இல்லாத காலம் என்பதையும் மறக்கக் கூடாது. அவர்கள் படகு மராமத்து, வலை வேலை போக வருவதே பெரிது, அதனால் அவர்கள் வீட்டுக்குக் காய்கறி முதலில் போக வேண்டும் என்று ஆரம்பத்திலேயே முடிவு செய்துவிடுங்கள். பலம் வேண்டிய வேலைகளை எல்லாம் இந்தக் காலத்துக்கு ஒதுக்கி வையுங்கள்: ஊற்றைத் தூர் எடுப்பது, தட்டி கட்டுவது, பந்தல் போடுவது. முடிச்சுப் போடுவதில் அவர்களை மிஞ்ச ஆள் இல்லை. கழித்த வலையைப் பந்தலுக்கும் மயில் வராமல் மேலே கட்டவும் பயன்படுத்தலாம், ஆனால் விறைப்பாக இழுத்துக் கட்ட வேண்டும், தொங்கினால் பறவையும் பாம்பும் சிக்கிச் சாகும். பிய்ந்த வலை நரம்பைப் பொறுக்கி எடுத்துவிடுங்கள், மணலில் புதைய விடாதீர்கள்.

புதிதாக வருகிறவர்களுக்கு: காலை ஆறிலிருந்து ஒன்பது, மாலை நாலரைக்கு மேல், இந்த இரண்டு நேரம்தான். தொப்பி அல்லது துண்டு, தண்ணீர் பாட்டில், முழுக்கைச் சட்டை. மூடாக்கில் கை வைப்பதற்கு முன் ஒரு கம்பால் தட்டிப் பாருங்கள், கட்டுவிரியன் குளிர்ச்சி தேடி அங்கேதான் படுத்திருக்கும். கடித்துவிட்டால் கட்டுப் போடுவது, கீறுவது எதுவும் வேண்டாம், 108-க்கு அழைத்து நேராக அரசு மருத்துவமனை. முதல் நாளே யோசனை சொல்வதை விட, அங்கே ஏற்கனவே இருக்கும் ஒரு ஆச்சியோடு ஒரு மணி நேரம் கூடவே நின்று களை எடுங்கள், எது களை எது கீரை என்பது அப்போதே பிடிபட்டுவிடும்.

விளைச்சலைப் பிரிப்பதில் மனஸ்தாபம் வரும். படகில் பிடித்த மீனைப் படகுக்கு, வலைக்கு, ஆளுக்கு என்று பங்கு வைப்பது போல இங்கேயும் வெளிப்படையாகப் பங்கு வைத்துவிடுங்கள். வேலைக்கு வந்தவர்களுக்கு ஒரு பங்கு, கிணறோ இடமோ கொடுத்தவருக்கு ஒரு பங்கு, தனியாக இருக்கும் வயதானவர்களுக்கு ஒரு பங்கு. எடை போட்டு நோட்டில் எழுதி, எல்லோர் முன்னாலும் பிரியுங்கள்.

விதை எடுப்பது

குண்டு மிளகாய் பழுக்கும் நேரம் இதுதான், 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்த ராமநாதபுரம் முண்டு மிளகாய் இதுவே. சங்கத்தில் ஐந்தாறு செடி வைத்திருந்தால் நோயில்லாத நல்ல செடியில் நடுப்பறிப்புப் பழத்தை விதைக்கு விடுங்கள். பக்கத்தில் சம்பா மிளகாய் இருந்தால் கலந்துவிடும், அதைத் தள்ளி வையுங்கள். கத்தரியை மஞ்சளாக முற்றவிட்டு எடுக்க வேண்டும், சுரை, பாகல் விதையைச் சாம்பலில் புரட்டி நிழலில் காயவையுங்கள். காய்ந்ததை வசம்புத் தூளோடு மண்கலயத்தில் போட்டு, பெயர், மாதம், எந்தப் பாத்தி என்று சீட்டு எழுதி வாயைத் துணியால் கட்டுங்கள். கடல் காற்றின் ஈரத்தில் விதை சீக்கிரம் பூஞ்சை பிடிக்கும், அதனால் ஆடியில் ஒருமுறை வெளியே எடுத்து இளவெயிலில் உலர்த்தி மறுபடி கட்டி வைக்க ஒரு ஆளை இப்போதே குறித்துவிடுங்கள், புரட்டாசியில் விதைப்புக்கு அந்தக் கலயத்தைத்தான் திறக்கப் போகிறோம்.